ஆசிட்டும் அக்கவுன்டன்டும்

பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, காமர்ஸ் குரூப்பில் ஓடிப்போய் உட்கார்ந்தவன் நான். பள்ளிக்கூட லேபில் வாத்தியார் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டி, "இதைத் தொட்டே... கை காலி!" என்று மிரட்டினார். அவ்வளவுதான் காரணம். கணக்குப் பதிவியலில் அந்த மாதிரி ஜாடி எதுவும் கிடையாது. டெபிட் ஒரு பக்கம், கிரெடிட் ஒரு பக்கம். டேலி ஆகாவிட்டால் தூக்கம் போகும். தோல் போகாது.

அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சிவப்பு மை பேனாவை வைத்து ஒரு மனுஷியின் உள்ளங்கைத் தோலை உரிக்கலாம் என்று பி.காம். சிலபஸில் எங்கேயும் சொல்லித்தரவில்லை.

இப்படிப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்க வருவதற்கு முன்னால், சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். (பேர் வேண்டாம். எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் இன்னும் கைக்கு வரவில்லை!) எந்தச் செலவு பில்லும் என் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது ஒரு கீறலாவது வாங்காமல் போகாது. டிராஃபிக் போலீஸ்காரருக்கு ஹெல்மெட் போடாத தலை மாதிரி, எனக்கு பில். பார்த்தவுடன் கை பரபரக்கும்.

2022-ல் ஒரு மாசம் ஹவுஸ்கீப்பிங் பில் வந்தது. ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், மாப் என்று வரிசையாகப் போய், கடைசியில் 'ரப்பர் கையுறை - 2 ஜோடி - ரூ.140' என்று இருந்தது.

சும்மா விடுவேனா? சிவப்பு மையில் எழுதினேன்: 'போன மாசம்தானே வாங்கினீர்கள்? அதற்குள் எப்படிக் கிழிந்தது? ஒப்புதல் இல்லை.'

மானேஜர் பார்த்துவிட்டு, "வெரிகுட்! இப்படித்தான் இருக்கணும்" என்று தோளில் தட்டினார். அதே மாசம் மீட்டிங் ரூமில் முந்திரி பிஸ்கட் தின்ற செலவு நாலாயிரத்தைத் தொட்டது. அதில் நானும் ஒரு பிளேட் சாப்பிட்டிருந்ததால் கீறல் எதுவும் போடவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். அதே மாசம் பெட்டி கேஷில் 'ஆசிட் - 5 லிட்டர்' என்று ஒரு வவுச்சர் வந்தது. பில் கிடையாது. சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு தெருவில் கூவி விற்கிறவரிடம் வாங்கியது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணினேன். பிராண்ட் போட்ட நீலக் கலர் டாய்லெட் திரவத்தைவிட அது ரொம்ப மலிவு ஆச்சே!

சில்லறையில் ஆசிட் விற்பதற்கு 2013-லேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டிருக்கிறது. வாங்குகிறவர் போட்டோ அடையாள அட்டை காட்டவேண்டும், பதினெட்டு வயது ஆகியிருக்கவேண்டும், விற்கிறவர் நோட்டில் பெயரும் விலாசமும் எழுதிக்கொள்ளவேண்டும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கையுறைக்கு விளக்கம் கேட்டவன், ஆசிட்டுக்கு பில் கூடக் கேட்கவில்லை. இதுதான் என் தணிக்கை லட்சணம்.

அடுத்த மாசம் ஹெட் ஆபீஸிலிருந்து பெரியவர் ஒருத்தர் விஜயம் என்று தகவல் வந்தது. உடனே எங்கள் ஆபீஸுக்குக் கல்யாண களை வந்துவிட்டது. ஃபைல்களுக்குப் புது அட்டை, செடிகளுக்குப் புதுத் தொட்டி. "டாய்லெட் டைல்ஸ்ல மூஞ்சி தெரியணும்!" என்று மானேஜர் உத்தரவு போட்டார். (யார் மூஞ்சி என்று சொல்லவில்லை.)

எங்கள் மாடிக்கு ஒரு அக்கா. ஐம்பதைத் தொடுகிற வயசு. வியாசர்பாடியிலிருந்து காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அவருக்கு நாங்கள் எல்லோரும் 'சார்'. நேற்று சேர்ந்த பையன்கூட சார்தான். கையுறை கிழிந்துபோய், புதுசு நான் தராததால், அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு கேரி பேக். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த ஆசிட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கேரி பேக்குக்குள் ஆசிட் போனால் வெளியே வராது. எத்தனை நேரம் உள்ளே தேங்கி நிற்கிறதோ, அத்தனை நேரம் தோலைத் தின்றுகொண்டே இருக்கும். எரிகிறது என்று தெரிந்தும் அக்கா நிறுத்தவில்லை. "பெரியவரு வந்துடுவாரே சார்" என்றார் பிற்பாடு. அரைமணி நேரம் கழித்துக் கவரைக் கழற்றியபோது உள்ளங்கை சிவந்து, விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன.

அதற்கப்புறம் எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே நிமிஷத்தில் பதினோரு டாக்டர்கள் உருவானார்கள். "டூத் பேஸ்ட் தடவுங்க!" என்றார் சேல்ஸ்காரர். "இங்க் ஊத்துங்க" என்றார் டெஸ்பாட்ச் கிளார்க். பேன்ட்ரி பையன் மஞ்சள் தூள் டப்பாவோடு ஓடிவந்தான். ஒருத்தர், நெட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்று போனை எடுத்தார். சார்ஜ் இல்லை.

இதிலெல்லாம் சிறந்த யோசனை அடியேனுடையதுதான். "ஆசிட்னா டெபிட். சோடா உப்புன்னா கிரெடிட். ரெண்டையும் சேர்த்தா டேலி ஆயிடும். சோடா உப்பு கொண்டாங்கப்பா!" என்றேன். பி.காம். மூளை!

நல்லவேளை, கீழேயிருந்து செக்யூரிட்டி அண்ணன் சத்தம் கேட்டு வந்தார். வயசான மனுஷன். சின்ன வயசில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் ஆசிட் தொட்டி பக்கத்திலேயே வேலை பார்த்தவர். எங்கள் யாரையும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அக்காவை பேன்ட்ரி குழாய்க்கு இழுத்துப் போனார். "எம்மா, வளையலைக் கழட்டு. மோதிரத்தையும் கழட்டு. வீங்கினா அப்புறம் வராது" என்றபடி குழாயைத் திறந்தார். கை மேல் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

ஐந்து நிமிஷத்தில், "போதும்ணா, எரிச்சல் குறைஞ்சிடுச்சு" என்றார் அக்கா.

"உனக்குப் போதும். அதுக்குப் போதாது" என்றார் அண்ணன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக இருபது நிமிஷம். ஒரு நிமிஷம் குறையவில்லை. ஆசிட் தெறித்திருந்த புடவை முந்தானையையும் தண்ணீரில் அலசி விட்டார். நான் சோடா உப்புப் பொட்டலத்தோடு போய் நின்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். எந்த ஆடிட்டரும் அப்படிப் பார்த்ததில்லை.

"சார், இதை அதுல கொட்டினா கொதிக்கும். அது வேற சூடு. தண்ணிதான் சார் மருந்து."

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், பத்தாம் வகுப்பில் விட்ட கெமிஸ்ட்ரியை மறுபடி எடுத்தேன். அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆசிட் பட்ட தோலில் சோடாவோ, சோடா பட்ட தோலில் எலுமிச்சையோ வைக்கக்கூடாது. ஒன்றை ஒன்று முறிக்கும்போது வெப்பம் கிளம்பும். புண்ணுக்கு மேல் புண். குழாய்த் தண்ணீர் மருந்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போகும். சூட்டையும் சேர்த்துக்கொண்டு போகும். கண்ணில் பட்டாலும் அதே வைத்தியம்தான். இமையை விரித்துப் பிடித்து, இருபது நிமிஷம் தண்ணீர், அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. போகும்போது அந்த பாட்டிலையோ, லேபிளையோ கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு யோசிக்கிற வேலை மிச்சம்.

நீலக் கலர் டாய்லெட் திரவத்தில் இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் பத்து சதவீதம். கேனில் லூஸாக வருவதில் எவ்வளவு என்று விற்கிறவருக்கே தெரியாது. ஆலையிலிருந்து கிளம்பும்போது முப்பது சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். வழியில் யார் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்பது பால்காரர் ரகசியம் மாதிரிதான்.

ஆசிட்டாவது பட்டவுடன் எரிந்து, 'நான் வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிடும். அதன் பங்காளி ஒன்று இருக்கிறது. காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட சிங்க் குழாயில் போடுகிற அடைப்பு நீக்கிப் பவுடர்களில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இது ரொம்ப நாகரிகமான ஆசாமி. தொட்டால் முதலில் பெரிசாக வலிக்காது. வழவழவென்று சோப்பு மாதிரி இருக்கும். மாதிரி என்ன, சோப்பேதான்! நம் தோலில் இருக்கிற கொழுப்பை அது சோப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆசிட் பட்ட இடம் பெரும்பாலும் பொருக்குத் தட்டி, மேலும் இறங்காமல் ஓரளவு தடுக்கும். காஸ்டிக் அப்படி இல்லை. கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். பவுடராகப் பட்டிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் திருவல்லிக்கேணி மேன்ஷன் நாட்கள் ஞாபகம் வந்தன. பேச்சிலர் ரூம்வாசிகளே, இந்தப் பாராவை மட்டுமாவது படித்துவிடுங்கள். என் ரூம்மேட் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று சுத்தபத்தமாகி, பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினான். அதன் மேலேயே டாய்லெட் ஆசிட்டையும் ஊற்றினான். "டபுள் எஃபெக்ட் மாமு!" என்றான். அடுத்த நிமிஷம் இருமிக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, வராந்தாவில் வந்து விழுந்தான். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22-ம் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தில் ஈப்பர் நகரத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அவர்களாவது எதிரிக்குச் செய்தார்கள். நாம் ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நமக்கு நாமே செய்துகொள்கிறோம்.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன்.

ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை. பத்தாம் நாள் கட்டோடு வந்தார். "உக்காந்தா யார் சார் சோறு போடுவாங்க?" என்றார். பெரியவர் வந்து போயாகிவிட்டது. டைல்ஸில் மூஞ்சி பார்த்தாரா என்று தெரியாது. நானும் மறந்துவிட்டேன்.

மாசக் கடைசியில் வருகைப் பதிவேடு வந்தது. எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் கைரேகை மெஷின்தான். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதே. அக்கா பெயருக்கு நேரே, அந்த ஒன்பது நாளுக்கு அப்புறமும் ஆப்சென்ட், ஆப்சென்ட் என்று பதினோரு நாள். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதற்குத்தானே காசு? இருபது நாள் சம்பளத்தைக் கழித்து, கான்ட்ராக்டர் பில்லில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், நான் வந்தேனே சார்... உங்க காபி டம்ளர்கூட நான்தானே சார் எடுத்தேன்?"

"மெஷின்ல இல்லையேக்கா. விரல் வெச்சீங்களா?"

"டெய்லி வெச்சேன் சார். சிவப்பு லைட்டுதான் வருது. ரேஷன் கடையிலயும் அதே கதை. என் மருமகப் பொண்ணு போய் விரல் வெச்சு அரிசி வாங்கியாந்தா."

சொல்லிவிட்டு வலது கையை என் மேஜை மேல், பில் கட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

புது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம் மாதிரி இருந்தது. கோடே இல்லை. விரல் நுனிகள் இளஞ்சிவப்பாக வழவழவென்று இருந்தன. தன் ஆளைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று மெஷின் சொன்னது பொய்யில்லை.

"ரேகை திரும்ப வருமாம் சார். ஆழமாப் போன இடத்துல மட்டும் சந்தேகம்னாரு டாக்டரு. ஜோசியக்காரன்கிட்ட இனி காட்ட முடியாது" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 140 ரூபாய். நான் மிச்சம் பிடித்த 140 ரூபாய். அதற்கு எதிர்ப் பதிவு எங்கே விழுந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டெபிட் செய்தது நான். கிரெடிட் விழுந்தது அக்கா கையில். கணக்கு டேலி!

மானேஜரிடம் போய் நின்றேன். பதினோரு நாள் வருகைக்கு நானே சாட்சி என்று எழுதிக் கொடுத்தேன். அது சரியாயிற்று. ஒன்பது நாள் என்ன ஆவது? "வராத நாளுக்கு எப்படிய்யா சம்பளம்?" என்றார். நியாயமான கேள்விதான். நானே எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்!

பழைய கான்ட்ராக்ட் பில்லைப் புரட்டினேன். ஒவ்வொரு மாசமும் அதில் ஒரு வரி: 'ஈ.எஸ்.ஐ. - 3.25%'. கூட்டல் சரியாக இருக்கிறதா என்று மாசா மாசம் டிக் அடித்திருக்கிறேன். 2019 ஜூலையில் முதலாளி பங்கை 4.75-லிருந்து 3.25 ஆகவும், தொழிலாளி பங்கை 1.75-லிருந்து 0.75 ஆகவும் குறைத்தார்கள் என்பதுகூடத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பணம் எதற்கு என்று மட்டும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இதற்குத்தான். வேலை செய்கிற இடத்தில் அடிபட்டு, மூன்று நாளாவது வேலைக்குப் போகமுடியாமல் படுத்தால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து கிடைக்கும். வைத்தியம் தனி. இத்தனை மாசம் பணம் கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனால் விபத்து நடந்தது என்று கம்பெனி தரப்பில் ரிப்போர்ட் போகவேண்டும். யாரும் அனுப்பவில்லை. 'கை லேசாகச் சிவந்தது' என்பதோடு அந்தச் சம்பவம் எங்கள் ஆபீஸில் முடிந்துபோயிருந்தது.

கான்ட்ராக்டரைப் பிடித்து, ரிப்போர்ட் அனுப்பவைத்து, அக்காவிடம் கார்டை எடுத்துவரச் சொல்லி, நானும் ஒருநாள் லீவு போட்டுக் கூடப் போனேன். பணம் வர மூன்று மாசம் ஆயிற்று. வந்தது. அக்கா எனக்கு ஒரு பாக்கெட் முந்திரி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். தொண்டையில் இறங்கவில்லை.

ஆபீஸ் நண்பர்களே! உங்களை ஊர்வலம் போகச் சொல்லவில்லை. நாளைக்கு டீ குடிக்கப் போகும்போது பேன்ட்ரி சிங்க்குக்குக் கீழே ஒருதரம் குனிந்து பாருங்கள். தண்ணீர் பாட்டிலிலோ, கூல் டிரிங்க் பாட்டிலிலோ பேர் ஒட்டாத திரவம் இருந்தால் அது ஆசிட்டாக இருக்கலாம். அவசரத்துக்கு எடுத்துக் குடிக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம். பிளீச்சிங்கும் ஆசிட்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் வேறு வேறு அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள். சுத்தம் செய்கிறவரின் கையில் கையுறை இருக்கிறதா, கேரி பேக் இருக்கிறதா என்று பாருங்கள். துணிக் கையுறையும் வேண்டாம். அது ஆசிட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு கேரி பேக் வேலையைத்தான் செய்யும். முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறைதான் சரி. பில்லை வெட்டுகிற உத்தியோகம் உங்களுக்கு இருந்தால், தயவுசெய்து பிஸ்கட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்த வேலையை விடுவதற்கு முன்னால் நான் கடைசியாகப் பாஸ் பண்ணிய பில்களில் ஒன்று, 'ரப்பர் கையுறை - 12 ஜோடி'. கீறல் இல்லை, கேள்வி இல்லை. நானே கொண்டுபோய் அக்கா கையில் இரண்டு ஜோடி கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால்... மறுபடியும் கேரி பேக்!

"என்னக்கா இது? கையுறை எங்கே?"

"வீட்ல பத்திரமா வெச்சிருக்கேன் சார். ரொம்ப நல்லா இருக்கு. இதுல போட்டா அழுக்காயிடுமே!"

தலையில் அடித்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய் இன்னொரு ஜோடி எடுத்து வந்தேன். வீட்டில் வைக்க ஒன்று, கையில் போட ஒன்று.

டபுள் என்ட்ரி என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது.